பிரின்சஸ் டவுன் கோட்டையில் இரவு தங்கலாமா? கானாவில் தன்னார்வப் பணிக்கிடையே ஒரு வார இறுதிப் பயணம்

அலைவாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கானா நாட்டின் கேப் கோஸ்ட் நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தன்னார்வலராகக் கணிதம் கற்பித்து வருகிறேன். இந்நகரில் தொண்டாற்றும் வேறு மூவரும் நானும் வரும் வார இறுதியில் மேற்கு மண்டலத்தின் கடலோரத்தில் உள்ள பிரின்சஸ் டவுன் என்னும் சிற்றூருக்குக் காரில் சென்றுவர எண்ணியிருக்கிறோம். அங்கு வாழும் அகாந்தா மக்கள் தங்கள் ஊரைப் பொக்கெசு என்கிறார்கள். கடற்கரை நெடுஞ்சாலையிலிருந்து தெற்கே பிரிந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனால்தான் ஊர் வரும் என்பதால், கேப் கோஸ்ட்டிலும் எல்மினாவிலும் காணும் பயணியர் கூட்டம் அங்கே இல்லை. அதனால்தான் அவ்வூரைத் தேர்ந்தெடுத்தோம்.

என் தயக்கம் தங்குமிடம் பற்றியது. ஊரை ஒட்டிய மான்ஃப்ரோ குன்றின்மீது குரோஸ் ஃப்ரீட்ரிக்ஸ்பர்க் என்னும் பழைய கோட்டை நிற்கிறது. அதன் மேல்தள அறைகளைக் குறைந்த கட்டணத்தில் விருந்தினருக்குத் தருவது வழக்கம் என்று முன்பு போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல் தெரியும் அந்த இடத்தில் தங்கவேண்டும் என்பது உடன்வரும் நண்பர்களின் விருப்பம். ஆனால் சென்ற மாதம்தான் என் மாணவர்களுடன் கேப் கோஸ்ட் கோட்டையின் நிலவறைகளுக்குள் இறங்கி நின்றேன். அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களைக் கப்பல் வரும்வரை அடைத்துவைத்த அந்த இருட்டைக் கண்டபின், அதே வணிகத்துக்காகக் கட்டப்பட்ட வேறொரு கோட்டையில் படுக்கை விரித்து உறங்குவது எனக்கு இயலுமா என்று தெரியவில்லை. சாலை பற்றியும் இந்தக் கேள்வி பற்றியும் அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

செம்மண்சாலை எழுதியது:

நண்பருக்கு வணக்கம். தக்கோராடித் துறைமுகத்தில் பல ஆண்டுகள் வேலைபார்த்தவன் என்ற முறையில் முதலில் சாலையைப் பற்றிச் சொல்கிறேன்.

காரை நீங்களே ஓட்டாதீர்கள். ஓட்டுநருடன் வாடகைக்கு எடுங்கள். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. 1974 ஆகஸ்ட் 4 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு நகரத்துக்குள் கை விரைவில் பழகிவிடும். ஆனால் எதிரே ஆளே இல்லாத கிராமச் சாலையில் திடீரென ஒரு வண்டி வரும்போதுதான் பழைய பழக்கம் தலைதூக்கும். இரவில் நெடுஞ்சாலையில் பயணம் செய்வதையும் அறவே தவிருங்கள். பழுதாகி நிற்கும் சரக்கு லாரிகளுக்குப் பின்விளக்கு எரியும் என்று நம்பக்கூடாது. வளைவுக்கு முன்னால் சாலையோரம் ஒடித்துப்போட்ட மரக்கிளைகளைக் கண்டால் முன்னால் வண்டி நிற்கிறது என்று பொருள், ஆனால் அவற்றை இருட்டில் யாரும் பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து கிளம்பினால் இருட்டுவதற்குள் தக்கோராடியை அடையலாம். இரவு அங்கே தங்கி, சனிக்கிழமை காலையில் அகோனா ன்குவாந்தா சந்திப்புக்குப் போய் எரிபொருளை நிரப்பிக்கொண்டு மேற்கே செல்லுங்கள். அங்கிருந்து இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள் வரிசை வரிசையாக வரும். ஆக்சிமுக்கு முன்பாகவே தெற்கே திரும்ப வேண்டும். அந்தக் கிளைச்சாலைதான் பயணத்தின் கடினமான பகுதி. கானாவிலேயே மிகுதியாக மழை பெய்வது இந்தத் தென்மேற்கு மூலையில்தான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும், மேயும் ஜூனும் உச்சம். முதல்நாள் இரவு மழை பெய்திருந்தால் அவசரப்படாமல், வெயில் ஏறி மண் இறுகியபின் உள்ளே போங்கள். தரைமட்டம் உயர்ந்த வண்டியாக இருக்கட்டும். கைப்பேசிவழிப் பணம் எங்கும் செல்லும் என்றாலும் சில்லறையாகக் கானா நாட்டுப் பணமான ‘செடி’த் தாள்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் தங்குவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நானும் தங்கியிருக்கிறேன். விருந்தினர் தரும் கட்டணம் இல்லாவிட்டால் அந்தக் கூரையைப் பராமரிக்கவும் ஆள் இருக்காது, கதவைத் திறந்து வரலாறு சொல்லவும் ஆள் இருக்காது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

செம்மண்சாலை அவர்களின் சாலை அறிவுரையை முழுமையாக ஏற்கிறேன். கோட்டையைப் பற்றி அவர் சொன்னதை ஏற்க இயலவில்லை. வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கடற்கரையிலுள்ள கோட்டைகளைப் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், சுவீடியர் எனப் பலர் கட்டினார்கள். பிரின்சஸ் டவுன் கோட்டை ஜெர்மானியர் கட்டியது. பிராண்டன்பர்க் இளவரசர் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் 1682இல் ஆப்பிரிக்க வணிகத்துக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் அனுப்பிய ஓட்டோ ஃப்ரீட்ரிக் ஃபான் டெர் குரோபன் 1683 ஜனவரி 1 அன்று அந்தக் குன்றில் கொடியேற்றினார். கோட்டைக்கு இளவரசரின் பெயரே சூட்டப்பட்டது. பொன்னும் தந்தமும் வாங்கியதோடு அந்நிறுவனம் நிற்கவில்லை. 1685இல் கரீபியக் கடலில் டேனியருக்குச் சொந்தமான செயின்ட் தாமஸ் தீவில் குத்தகைக்கு இடம்பிடித்து, இங்கிருந்து மனிதர்களைக் கப்பலேற்றி அங்கே விற்றது.

பின்னர் அந்த இளவரசரின் பேரரும் அதே பெயர்கொண்டவருமான பிரஷ்ய மன்னர் முதலாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் தம் ஆப்பிரிக்க உடைமைகள் அனைத்தையும் டச்சு மேற்கிந்திய நிறுவனத்துக்கு விற்றார். அதற்குரிய ஒப்பந்தம் 1717இல் எழுதப்பட்டது. பேசிய விலை 7,200 டுக்காட் பொற்காசுகளும், அவற்றுடன் 12 கறுப்பின மனிதர்களும். ஒரு கோட்டையின் விலைச்சீட்டிலேயே மனிதர்கள் சில்லறையாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் கொசுவலை கட்டிக்கொண்டு கடற்காற்று வாங்குவதை நான் ஓய்வு என்று ஏற்கமாட்டேன். கட்டணம் கொடுத்துச் சுற்றிப்பாருங்கள், பாதுகாவலரிடம் நேரம் எடுத்துக்கொண்டு கேளுங்கள், பராமரிப்புக்கு நன்கொடையும் கொடுங்கள். ஆனால் இரவு தங்குவதற்கு ஊரில் வேறு கூரையைத் தேடுங்கள். கோட்டைக்குப் பணம் தருவதற்கு அங்கே உறங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

செம்மண்சாலை எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயாவின் மனவேதனையை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கட்டடங்கள் அடிமை வணிகம் முடிந்த நாளோடு நின்றுவிடவில்லை என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். அக்ராவிலுள்ள ஓசு கோட்டையிலும் மனிதர்கள் அடைக்கப்பட்டார்கள், விற்கப்பட்டார்கள். அதே கோட்டையில் அமர்ந்துதான் சுதந்திர கானாவின் அரசு பல பத்தாண்டுகள், 2013 வரையில், நாட்டை ஆண்டது. ஜேம்ஸ் கோட்டையும் அஷர் கோட்டையும் நெடுங்காலம் சிறைச்சாலைகளாக இருந்தன. வேறு கோட்டைகள் காவல்நிலையமாகவும் அஞ்சலகமாகவும் பயன்பட்டிருக்கின்றன. பெயினில் உள்ள அப்பல்லோனியா கோட்டை இன்று ன்சேமா மக்களின் பண்பாட்டு அருங்காட்சியகம். அம்மக்கள் தங்கள் நிலத்தில் நிற்கும் சுவர்களைத் தங்களுக்கு உதவும்படி மாற்றிக்கொள்வது அவர்களுடைய உரிமை. விருந்தினர் அறை என்பதும் அப்படிப்பட்ட ஒரு பயன்பாடுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிரின்சஸ் டவுனில் அந்தக் கோட்டையை நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருபவர் ஜெர்மானிய இளவரசர் அல்லர், ஜான் கொன்னி. பிராண்டன்பர்க் வணிகர்களுடன் கூட்டாளியாக இருந்த அகாந்தாத் தலைவர் அவர். விற்பனை முடிந்து டச்சுக்காரர்கள் கோட்டையை எடுத்துக்கொள்ள வந்தபோது அவர் ஒப்படைக்க மறுத்தார். 1718இல் படையோடு வந்தவர்களை விரட்டியடித்தார். 1724 வரையில் கோட்டை அவர் கையில்தான் இருந்தது. அதன் பிறகே டச்சுக்காரர் அதைப் பிடித்து ஹொலாந்தியா என்று பெயர்மாற்றினார்கள். ஊரார் பெருமையோடு சொல்லும் இந்தக் கதையை அந்த மதில்மேல் நின்று கேட்பது வேறு அனுபவம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கொன்னியின் துணிவை நானும் மறுக்கவில்லை. கரீபியத் தீவுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் நடைபெறும் ஜான் கனூ முகமூடி ஊர்வலத்துக்கு அவர் பெயரே மூலம் என்று கருதுவோரும் உண்டு. ஆனால் கொன்னியும் மனிதர்களை வாங்கி விற்றவர்தான். டச்சுக்காரரை எதிர்த்து நின்ற அந்த ஆண்டுகளிலும் கோட்டையின் வாயில் வேறு நாட்டுக் கப்பல்களுக்குத் திறந்தே இருந்தது. வீரத்தையும் விற்பனையையும் ஒன்றாகச் சொல்லும்போதுதான் அந்தக் கதை முழுமையாகும்.

அகாந்தா மக்களுக்கு இந்த வரலாறு முடிந்துபோன ஒன்றும் அன்று. அவர்களுடைய அரசர் இரண்டாம் படு பொன்சுவை டச்சுக்காரர்கள் 1838இல் தூக்கிலிட்டார்கள். அவருடைய தலையைத் துண்டித்து நெதர்லாந்துக்கு எடுத்துச் சென்றார்கள். லைடன் நகர மருத்துவக் கல்லூரியின் சேகரிப்பில் கண்ணாடிக் குடுவைக்குள் இருந்த அது, 2009இல்தான் கானாவுக்குத் திருப்பித் தரப்பட்டது. தங்கள் அரசரின் தலை திரும்பிவந்த நாளை நேரில் கண்டவர்கள் வாழும் நிலத்துக்குத்தான் இந்த நண்பர்கள் செல்கிறார்கள். ஆகவே படுக்கை எங்கே என்ற கேள்வி சிறிய கேள்வி அன்று என்பதே என் வாதம்.

நெய்தல் எழுதியது:

வணக்கம். மகப்பேறு செவிலியாகத் தன்னார்வப் பணிக்கு வந்து மேற்கு மண்டலத்தின் ஒரு கடலோர மருத்துவ நிலையத்தில் பணிபுரிந்தவள் நான். ஐயாவும் அண்ணாவும் கட்டடத்தைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அலைவாய்க்கரை தம்பி முதலில் போய் நிற்கப்போவது ஊரின் நடுவில்.

சென்றவுடன் தலைவரின் இல்லத்துக்குப் போய் வந்த நோக்கத்தைச் சொல்லுங்கள். ஒரு ஜின் புட்டியோ ஷ்னாப்ஸ் என்னும் மதுப்புட்டியோ கொண்டுபோவது முறை. அதை முன்னோருக்கு நீர்ப்பலியாக ஊற்றுவார்கள். தலைவருடன் நேரடியாகப் பேசாமல் அவருடைய சொல்லை எடுத்துரைப்பவர் வழியாகவே பேசவேண்டும். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் வலக்கையையே பயன்படுத்துங்கள். இடக்கையை அசைத்து அழைப்பதுகூட அவமதிப்பாகும்.

கானாவின் கடற்கரையில் பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. கடல் தெய்வத்துக்குரிய நாள் அது. வலை பழுதுபார்ப்பதும் வழக்குப் பேசுவதும் அன்றுதான். மேலும் மேற்கே, ஏரிமேல் கால்நட்டு வீடுகட்டி வாழும் ன்சுலேசுவில் அந்த நாள் வியாழன். வார இறுதியில் செல்லும் உங்களுக்கு இதனால் தடையில்லை, ஆனாலும் போகும் ஊரின் விலக்கு நாள் எது என்று கேட்டுக்கொள்வது மரியாதை.

கடலில் நீந்துவதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தென் அட்லாண்டிக்கில் எங்கோ எழும் பேரலை தடையேதும் இல்லாமல் இந்தக் கரையில் வந்து மோதுகிறது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடுக்கில்தான் நீர் உள்ளே இழுக்கும். முழங்காலுக்கு மேல் இறங்குவதற்கு முன் அங்குள்ள படகோட்டி ஒருவரிடம் இடம் கேளுங்கள். இழுக்கப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேறவேண்டும். மலேரியாத் தடுப்பு மாத்திரையை வார இறுதி என்று விட்டுவிடக்கூடாது. திரும்பிவந்தபின் காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பேனாவும் மிட்டாயும் வாரி வழங்காதீர்கள். நீங்கள் ஆசிரியர், உங்கள் மாணவர்களிடம் ஒரு வெளிநாட்டவர் காரிலிருந்து அப்படி எறிந்துவிட்டுப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். கொடுக்க விரும்பினால் பள்ளித் தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள்.

கோட்டையைப் பற்றி ஒரே ஒரு யோசனை. தங்குவதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவுசெய்யாமல், முதலில் பாதுகாவலருடன் கீழ்த்தள அறைகளுக்குப் போங்கள். மேல்தளத்து அறைகளை அதன் பிறகு பாருங்கள். அந்த வரிசை மாறக்கூடாது.

அலைவாய்க்கரை எழுதியது:

அன்புள்ள ஐயா, அக்கா, அண்ணா, உங்கள் அனைவருக்கும் நன்றி. பயணம் முடிந்து திரும்பிவிட்டோம். கேட்டவன் என்ற கடமையால் விரிவாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை எல்மினாவின் பாலத்தைக் கடந்து, வண்ணக் கொடிகள் கட்டிய படகுகள் நெருக்கியடித்து நிற்கும் பெனியா காயலைப் பார்த்தவாறே மேற்கே சென்றோம். 1482இல் போர்த்துகீசியர் கட்டிய எல்மினாக் கோட்டையை முன்பே பார்த்திருந்ததால் அங்கே நிற்கவில்லை. ஆனால் ஓட்டுநரின் யோசனைப்படி பிரா ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஷாமாவுக்குத் திரும்பினோம். அந்தோன் வில்ஹெல்ம் ஆமோவின் கல்லறை அங்கே இருக்கிறது. சுமார் 1703இல் ஆக்சிம் அருகே பிறந்து, சிறுவனாகவே ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1707இல் பிரன்ஸ்விக் கோமகனிடம் ஒப்படைக்கப்பட்டவர் அவர். ஹாலேயில் சட்டம் பயின்று, 1729இல் ஐரோப்பாவிலுள்ள கறுப்பினத்தவரின் உரிமை குறித்து வாதிட்டு, 1734இல் விட்டன்பெர்க்கில் மெய்யியல் முனைவரானார். பல்கலைக்கழகங்களில் கற்பித்தபின் பிறந்த மண்ணுக்கே திரும்பிவந்தார். ஒரு கணித ஆசிரியனாக, இந்தக் கடற்கரையிலிருந்து சென்று ஜெர்மானிய மாணவர்களுக்கு வகுப்பெடுத்த ஒருவர் முன்னால் நின்றபோது, அறிவைச் சுமந்துகொண்டு இங்கே வந்தவனாக என்னை நினைத்துக்கொள்ள எனக்கு இடமே இல்லை என்று உணர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து கற்பிக்க வருவோர் எல்லாரும் முதல் வாரத்திலேயே ஷாமாவுக்குப் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சனிக்கிழமை காலையில் மழை. செம்மண்சாலை அண்ணா சொன்னபடி அகோனா ன்குவாந்தாவில் காத்திருந்து, வெயில் வந்தபிறகே கிளைச்சாலையில் இறங்கினோம். பள்ளங்களில் நீர் நின்ற சில இடங்களில் ஓட்டுநர் இறங்கிக் குச்சியால் ஆழம் பார்த்துவிட்டே வண்டியை எடுத்தார். எதிரே வந்த ட்ரோட்ரோ என்னும் பகிர்வுச் சிற்றுந்து ஒன்றில் ஆட்களும் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளும் கூரைவரை நிறைந்திருந்தன. ஊர் மக்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வருவதும் இதே பாதையில்தான் என்பதால், இதை ஒரு சாகசமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தலைவரின் இல்லத்தில் வரவேற்பு முறைப்படி நடந்தது. தண்ணீர் தந்து அமரவைத்துவிட்டு, அதன் பிறகுதான் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார்கள். பின்னர் கடற்கரைக்குச் சென்றோம். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளையும் இரண்டு வரிசையாக நின்று, ஒருவர் பாட மற்றவர்கள் அடியெடுத்துப் பின்னால் நகர்ந்து இழுக்கிறார்கள். எங்களையும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். வலை கரைக்கு வந்தபோது அதில் இருந்தவை பெரும்பாலும் விரல்நீள மீன்களே. சார்டினெல்லா எனப்படும் சாளை இன மீன்தான் இந்நாட்டு ஏழை மக்களின் உணவு. அதைச் சிறு படகுகள் தேடி அலைகையில், அடிமடிவலையிழுக்கும் பெரிய கப்பல்கள் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, நடுக்கடலிலேயே உறைந்த பாளங்களாகப் படகுகளுக்கு விற்றன. சைக்கோ என்று அழைக்கப்படும் இந்தச் சட்டவிரோத வணிகத்தைப் பற்றி அங்கே கயிறு பிடித்த இளைஞர்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள். 2019இல் மீன்பிடித் தடைக்காலம் சிறு படகுகளுக்கும் முதன்முறையாக விதிக்கப்பட்டபோது அடுப்பெரியாத வீடுகளைப் பற்றிச் சொன்னார்கள். 2025இல் அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

பிடித்த மீன் கரைக்கு வந்த கணத்திலிருந்து அது பெண்களின் கைக்குப் போய்விடுகிறது. விலைபேசுவது, கடன் தருவது, அடுத்த பயணத்துக்கு எரிபொருள் வாங்கப் பணம் போடுவது எல்லாம் அவர்களே. கம்பித்தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து மீனைப் புகையில் வாட்டும் சோர்க்கோர் அடுப்பை அங்கே கண்டேன். அக்ராவின் சோர்க்கோர் மீனவர் குடியிருப்பில் அந்தப் பெண்களோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட அடுப்பு அது. விறகும் குறைவு, ஒரே நேரத்தில் வாட்டும் மீனும் அதிகம். தட்டுகளை மேலும் கீழும் மாற்றி அடுக்கும் முறையை ஒரு மூதாட்டி எனக்குப் பொறுமையாகக் காட்டினார். திங்கட்கிழமை வகுப்பில் வரிசைமாற்றக் கணக்குக்கு அதையே எடுத்துக்காட்டாக எழுதினேன். கடலோரப் பிள்ளைகள் என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்கள்.

இனி கோட்டைக்கு வருகிறேன். நெய்தல் அக்கா சொன்ன வரிசையில்தான் பார்த்தோம். உயர்ந்த வாயிற்கட்டடத்தைக் கடந்து உள்ளே போய், கீழ்த்தள அறைகளில் முதலில் நின்றோம். தாழ்ந்த கூரை, காற்றுக்கெனச் சிறு துளை, அதற்கு மேல் எதையும் விளக்கத் தேவையில்லாத இடம். மேலே ஏறியபின் நாங்கள் நால்வரும் நெடுநேரம் பேசினோம். இருவர் அங்கே தங்க முடிவுசெய்தார்கள். நானும் இன்னொருவரும் ஊர்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டில், அவர் மனமுவந்து அழைத்ததால், தங்கினோம். வாடகை வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்தி உணவுச் செலவையாவது கொடுத்தோம்.

அன்றிரவு அந்த ஆசிரியரிடம் உங்கள் விவாதத்தையே முன்வைத்தேன். கோட்டையில் யார் உறங்குகிறார்கள் என்பது தமக்குப் பெரிய கவலை இல்லை என்றார். வருகிறவர்கள் கோட்டையிலிருந்து கடலைப் படம்பிடித்துக்கொண்டு, ஊருக்குள் ஒருமுறைகூட இறங்காமல் காரில் ஏறிப்போய்விடுவதுதான் தம்மை வருத்துகிறது என்றார். கொன்னியைப் பற்றிக் கேட்டபோது, ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன இரண்டு பக்கங்களையும் தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாகவும், பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் கடினமானவை என்றும் சொன்னார். விற்கப்பட்டவர்களில் நம்மவர் எத்தனை பேர், விற்றவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்கிறார்களாம்.

என்னால் அங்கே உறங்கியிருக்க முடியாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் உறங்கிய நண்பர்களைக் குறைசொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. அவர்களில் ஒருவர் காலையில் பாதுகாவலருடன் மீண்டும் கீழ்த்தளத்துக்குப் போய், எழுதிவைத்துக்கொள்ள நிறையக் கேட்டறிந்து வந்தார். இரவு முழுவதும் அந்தச் சுவர்களுக்குள் இருந்திராவிட்டால் அந்தக் கேள்விகள் தமக்கு எழுந்திருக்கா என்று சொன்னார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பி, நேர்மையாக எழுதியதற்கு நன்றி. கோட்டையில் தங்கக்கூடாது என்ற என் நிலைப்பாடு அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த ஆசிரியர் சொன்ன குறைபாடு என் வாதத்தைவிடக் கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கண்ட ஆமோவையும் கோட்டையையும் இணைத்து இரண்டு செய்திகள் சொல்கிறேன். கொடியேற்றிய குரோபனின் பெயரைத் தாங்கியிருந்த பெர்லின் ஆற்றங்கரைச் சாலைக்கு 2010இல் மே அயிம் என்ற கவிஞரின் பெயர் சூட்டப்பட்டது. அவர் கானாவைச் சேர்ந்த தந்தைக்குப் பிறந்த ஜெர்மானியர். 2025 ஆகஸ்டில் அதே நகரில், கறுப்பினத்தவரைக் குறிக்கும் பழைய இழிசொல்லைப் பெயராகக் கொண்டிருந்த மோரன் தெரு, நெடிய வழக்குக்குப் பின், அந்தோன் வில்ஹெல்ம் ஆமோ தெரு ஆயிற்று. பொக்கெசுவின் குன்றில் தொடங்கிய கணக்கை அந்நகரத்து மக்களே தங்கள் தெருப்பலகைகளில் திருத்தத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் மாணவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

புதுப்பயணி எழுதியது:

மதிப்புக்குரியவர்களே, விவாதத்தை முழுவதும் படித்தேன். அடுத்த ஆண்டு கானாவுக்குத் தன்னார்வலராக வரவிருக்கிறேன். ஒரு ஐயம். தொண்டு செய்ய வந்த நாட்டில் வார இறுதியில் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏழை ஊர்களுக்குச் சுற்றுலா போவது முறைதானா? அந்தப் பணத்தைப் பள்ளிக்கே கொடுத்துவிடலாமே என்று மனம் கேட்கிறது.

நெய்தல் எழுதியது:

உங்கள் மனம் நல்ல மனம். ஆனாலும் நான் மாறுபடுகிறேன். மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய முதல் மாதங்களில் நானும் எங்கும் போகாமல் அங்கேயே இருந்தேன். கர்ப்பிணிகள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று உடன் பணிபுரிந்த செவிலியரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் வழி தூரம் என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒருநாள் விடுப்பில் கடலோரச் சிற்றூர் ஒன்றுக்குப் போனபோதுதான், ட்ரோட்ரோ நிரம்பும்வரை கிளம்பாது என்பதையும், மழைநாளில் அது வரவே வராது என்பதையும், வலி எடுத்தபின் ஒரு பெண் எத்தனை மணிநேரம் சாலையோரம் உட்கார்ந்திருப்பாள் என்பதையும் கண்டேன். அதன் பிறகு, பிரசவ நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே உறவினர் வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லும் ஏற்பாட்டை அங்குள்ள செவிலியர்கள் நெடுநாளாக வற்புறுத்தி வந்தது ஏன் என்று எனக்குப் புரிந்தது. அந்த வேலையில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அந்தச் சாலையில் போகாதிருந்தால் அவர்களுக்கு நான் பாரமாகவே இருந்திருப்பேன்.

பணம் பற்றிச் சொன்னீர்கள். ஓட்டுநரின் கூலி, மீன்விற்கும் பெண்ணுக்குக் கொடுத்தது, கோட்டைக் கட்டணம், ஆசிரியர் வீட்டு உணவு, இவை எல்லாம் உழைப்புக்குக் கொடுத்த விலை. நன்கொடையாகக் கொடுத்தால் வாங்குபவர் நன்றி சொல்லவேண்டியிருக்கும், இங்கே யாரும் உங்களுக்கு நன்றிக்கடன் படுவதில்லை.

செம்மண்சாலை எழுதியது:

நெய்தல் அம்மாவின் கருத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புதுப்பயணி அவர்கள் எப்போது வருகிறார் என்பதைப் பொறுத்து வழி மாறும். ஆகஸ்ட் முதல் அகாந்தா, ன்சேமா ஊர்களில் ஒன்றன்பின் ஒன்றாக ‘குண்டும்’ என்னும் திருவிழா நடக்கும். அந்த வாரங்களில் ஊர்களில் அறை கிடைப்பது அரிது, ஆனால் மழை சற்று ஓய்ந்திருக்கும்.

அலைவாய்க்கரை எழுதியது:

புதுப்பயணி நண்பருக்கு: நீங்கள் வரும் ஆண்டிலும் நான் இங்கே இருப்பேன் என்றால் என்னுடன் சேர்ந்து வரலாம். எங்கள் பள்ளி மாணவர்கள் சிலரையும் அவர்களுடைய வரலாற்று ஆசிரியரையும் பொக்கெசுவுக்கு அழைத்துச் செல்லும்படி தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அங்குள்ள ஆசிரியர் தம் வகுப்பு மாணவர்களையே வழிகாட்டிகளாக நிற்கவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கேப் கோஸ்ட் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி அவர்களுக்குச் சொல்வார்கள், பொக்கெசுப் பிள்ளைகள் கொன்னியைப் பற்றி இவர்களுக்குச் சொல்வார்கள். காலையில் கிளம்பி மாலைக்குள் தக்கோராடிக்குத் திரும்பிவிடும் திட்டம் என்பதால், யார் எங்கே உறங்குவது என்ற கேள்வி இந்த முறை எழாது. மழைமாதங்கள் கழிந்தபின் நாள் குறிக்கிறோம். முப்பது பேர் அமரும் பேருந்து அந்தக் கிளைச்சாலையில் போகுமா, அல்லது இரண்டு ட்ரோட்ரோ வண்டிகளை எடுப்பது நல்லதா என்பதைச் செம்மண்சாலை அண்ணா சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்மண்சாலை எழுதியது:

இரண்டு ட்ரோட்ரோக்களையே எடுங்கள், தம்பி. ஒன்று சேற்றில் சிக்கினால் மற்றதில் கயிறு கட்டி இழுக்கலாம். அகோனா நிறுத்தத்தில் அந்த வழியில் அன்றாடம் ஓடும் ஓட்டுநர்களிடமே பேசி அமர்த்துங்கள். நகரத்து ஓட்டுநருக்கு அந்தப் பள்ளங்கள் தெரியாது.